கூப்பிட ஆளில்லாத பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரைகளை ஏழெட்டு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் அப்பத்தா 2025 ஐப்பசியில் தவறிப்போனார். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஒன்பது பெற்று, மூன்றைப் பறிகொடுத்து, ஆறு பேரை ஆளாக்கியவர். பேரன் பேத்தி, அவர்களின் பிள்ளைகள் எல்லாம் சேர்த்தால் நாற்பதுக்கு மேல் வரும். கடைசி நாலு மாதம் வரை தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார்.

வருகிற ஐப்பசியில் முதலாம் ஆண்டு. அதற்குள் அப்பத்தாவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. தமிழ் படித்தவள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று முறை உட்கார்ந்து எழுதிவிட்டேன். ‘அன்பின் வடிவம்’, ‘உழைப்பின் சிகரம்’, ‘குடும்பத்தின் ஆணிவேர்’, ‘எல்லோரையும் சமமாக நேசித்தவர்’. எழுதும்போது கண்ணீர் வருகிறது. மறுநாள் வாசித்தால் யார் வீட்டுப் பாட்டிக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது.

முதல் வரியிலேயே இன்னொரு சிக்கல். அப்பத்தாவின் வயது யாருக்கும் தெரியவில்லை. ஃபிளெக்ஸில் 102 என்று போட்டார்கள். பெரியப்பா 98 என்கிறார். ஆதாரில் 01-01-1935. அப்பத்தாவிடம் கேட்டால் தேதி சொல்ல மாட்டார். “தாது வருசம் எனக்குப் பல்லு விழுந்துச்சு” என்பார். தாது வருஷப் பஞ்சம் 1876 என்று அண்ணன் செல்போனில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னதும் வீடே சிரித்தது. “மாட்டுப்பெட்டியில ஓட்டுப் போட்டேன், இடுப்புல ஒங்க பெரியத்தை” என்பார். “தனுஷ்கோடி போன மூணாம் நாள் ஒங்க சித்தப்பன் பொறந்தான்” என்பார். கடைசிக் காலத்தில் நினைவு குழம்பியிருந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

அப்பத்தாவின் குரல் என் போனில் பதினோரு நிமிடம் இருக்கிறது. வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்லித்தான் பதிவு செய்தேன். ஒன்றும் தேறவில்லை. ஆட்டைத் திட்டுகிறார், கதவைச் சாத்தச் சொல்கிறார், போன் சூடாகிவிடும் வைத்துவிடு என்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவரை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் வயதை முடித்துவிடலாம். எனக்கு இந்த மாதிரிக் கணக்குகளில் ஒரு கிறுக்கு உண்டு. தவிர, உங்கள் அப்பத்தாவுக்கு நினைவு குழம்பியிருந்தது என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. குழம்பியது உங்கள் அண்ணன்தான்.

தமிழ் வருடம் அறுபதும் ஒரு சுற்று. பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடிந்து மறுபடி பிரபவ. 1876-இல் வந்த தாது அறுபது வருடம் கழித்து 1936 சித்திரையில் மறுபடி வந்தது. அப்புறம் 1996-இல் ஒரு தடவை. முதல் தாதுவில் சென்னை மாகாணமே காய்ந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதனால் ‘தாது’ என்று சொன்னாலே பஞ்சம் என்று நம் நாக்கில் ஏறிவிட்டது. கும்மிப் பாட்டெல்லாம் கட்டியிருக்கிறார்கள். செல்போனும் அதைத்தான் காட்டும். அப்பத்தா பஞ்சத்தைப் பற்றிப் பேசவே இல்லையே? பல் விழுந்ததைப் பற்றித்தானே சொன்னார்!

பால்பல் ஆறு, ஏழு வயதில் விழ ஆரம்பிக்கும். 1936 சித்திரைக்கும் 1937 பங்குனிக்கும் நடுவே ஒரு பிள்ளைக்குப் பல் விழுந்தது என்றால் அது பிறந்தது 1930-ஐ ஒட்டி. சுக்கில வருடமாக இருக்கலாம், அடுத்த பிரமோதூதவாக இருக்கலாம். (தமிழ் வருடத்தை ஆங்கில வருடமாக மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில வருடம் ஒன்று கூடிவிடும். இதை மறந்துபோய்ப் பல வீடுகளில் சண்டையே நடந்திருக்கிறது.)

இப்போது மற்ற வயதுகளைப் போட்டுப் பாருங்கள். ஃபிளெக்ஸ் சொல்கிற 102 சரி என்றால் தாது வருடத்தில் அவருக்குப் பதின்மூன்று. அந்த வயதில் பால்பல் விழாது. பெரியப்பா சொல்கிற 98 என்றால் ஒன்பது. ஒன்பதிலும் பல் விழும்தான், ஆனால் ‘பல்லு விழுந்துச்சு’ என்று ஒரு வருடத்துக்கே அடையாளம் வைக்கிற மாதிரி ஞாபகம் நிற்பது முதல் பல்லுக்குத்தான். ஆதாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜனவரி ஒன்றாம் தேதி என்று இருந்தாலே, ‘தேதி தெரியாது, ஏதோ ஒன்றைப் போடு’ என்றுதான் பொருள். நம் நாட்டில் எத்தனை தாத்தா பாட்டிகள் ஒரே நாளில் பிறந்திருக்கிறார்கள் பாருங்கள்.

மாட்டுப்பெட்டி இன்னும் நல்ல துப்பு. முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில், அதாவது 1951-52லும் 1957லும், சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த சின்னத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அப்போது காங்கிரசின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. மாட்டுப்பெட்டி என்று அப்பத்தா சொன்னது அதைத்தான். 1962 தேர்தலில் பெட்டிகள் போய், எல்லாச் சின்னமும் ஒரே சீட்டுக்கு வந்துவிட்டன. ஆக அவர் சொன்னது அதற்கு முந்தைய தேர்தல். பெரியத்தைக்கு இப்போது எழுபதை ஒட்டி வயது இருக்குமானால் இடுப்பில் இருந்தது 1957. அப்போது ஓட்டுப் போட இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். அப்பத்தாவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு. பொருந்துகிறது.

தனுஷ்கோடியை அடித்துக்கொண்டுபோன புயல் 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது அந்த ராத்திரிதான். உங்கள் மாவட்டத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் என்றால் சித்தப்பா பிறந்தது டிசம்பர் 24 அல்லது 25. அம்மாவுக்கு முப்பத்து நாலை ஒட்டிய வயது, ஒன்பது பிரசவத்தில் ஒன்று. வெளியே ஊரே பிணம் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று நாளைப் பற்றி யாராவது அவரிடம் கேட்டீர்களா?

ஆகவே, தொண்ணூற்று ஐந்து. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். 102 என்று ஃபிளெக்ஸில் போட்டவர்மேல் கோபப்படாதீர்கள். வயதானவர்களின் வயதை நம் ஜனங்கள் ஐந்து, பத்து என்று முழுசாக்கித்தான் சொல்வார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அறுபது, எழுபது வயதுக்காரர்கள் கும்பலாக இருப்பார்கள். அறுபத்தொன்று, எழுபத்தொன்றில் ஆளே இருக்காது. எண்பதைத் தாண்டிவிட்டால் வயது ஒரு சொத்து மாதிரி. வருடத்துக்கு ஒன்று என்று இல்லாமல் இரண்டு மூன்றாகக் கூடும். அத்தோடு, பிறப்பு இறப்பைப் பதிய நாடு முழுவதற்குமான சட்டம் வந்ததே 1969-இல். அதற்கு முன்பும் கிராமங்களில் பதிவு உண்டு, ஆனால் எத்தனையோ பிறப்புகள் அதில் ஏறவே இல்லை. பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை என்றால் அது பிறந்ததற்குக் காகிதம் எங்கே இருக்கும்?

பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்களுடைய தேதியும் லேசுப்பட்டதல்ல. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. உடனே வாத்தியார் பள்ளி திறக்கிற மாதத்துக்குத் தோதாக ஒரு தேதி போட்டுக்கொள்வார். சித்தப்பாவின் சான்றிதழை ஒரு தடவை பாருங்கள்.

சரி, கணக்கு போதும். இவ்வளவு நேரம் இதில் உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. ஃபிளெக்ஸில் போட்ட எண்ணிலிருந்து உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அப்பத்தா சொன்ன மூன்று வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போனதும் ஒரு பொக்கைவாய்ச் சிறுமி வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பெட்டி என்று பார்த்து நிற்கிற இளம்பெண் வந்தாள், புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் பிரசவ வலியில் கிடக்கிற ஒருத்தி வந்தாள். உங்கள் புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்கள் அவர் வாயாலேயே வந்திருக்கின்றன. நீங்கள் அவற்றை ‘நினைவுக் குழப்பம்’ என்று தள்ளிவைத்துவிட்டு ‘ஆணிவேர்’ எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி எனக்கு உறுத்திய விஷயம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அப்பத்தாவின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று மறக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். அவர் பெயரைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை, எழுதினால்தானே!

குற்றமாகச் சொல்லவில்லை. என் அம்மாச்சியின் பெயர் எனக்குத் தெரிந்ததே பதினெட்டு வயதில்தான். வீட்டில் ஏதோ பாகப் பிரச்சினை வந்து பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்றின் ஓரத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. அதன் கீழே, இன்னாரின் மனைவி இன்னார் கைநாட்டு என்று எழுத்தர் கையெழுத்தில் இருந்தது. ‘இது யாரு?’ என்று அம்மாவிடம் கேட்டேன். ‘ஒங்க அம்மாச்சிதான்டா’ என்று அம்மா சிரித்தார். அவ்வளவு அழகான பெயர். (இங்கே எழுதலாம்தான். இருந்தால், ‘ஊரு பூரா எம் பேர ஏலம் போடுறியா’ என்று கேட்பார். விட்டுவிடுகிறேன்.) பதினெட்டு வருடம் அவர் மடியிலும் முதுகிலும் வளர்ந்திருக்கிறேன். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரே ஒருவர் சொல்வார். அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அம்மாச்சிக்கு ஒரு அக்கா. ஐந்து வயது மூத்தவர். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவர், வருடத்துக்கு ஒரு தடவை வருவார். எங்கள் வீட்டில் அம்மாச்சி ஒரு சொல் சொன்னால் மறுசொல் கிடையாது. மாமாக்கள் அறுபதைத் தொட்ட பிறகும் அவர் முன்னால் குரலை உயர்த்த மாட்டார்கள். அப்படிப்பட்டவரைப் பார்த்து, வாசற்படி ஏறும்போதே அந்த அக்கா, பெயரைச் சொல்லி, “என்னடி தலை இது, பேய் மாதிரி?” என்றார். அம்மாச்சிக்கு அப்போது எண்பத்து நாலு.

அக்கா திண்ணையில் உட்கார்ந்து, எதிரே படியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அம்மாச்சி வாயைத் திறக்காமல் போய் அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது. விரலால் தடவித் தடவித்தான் சிக்கெடுத்தார். ஒரு பிடிகூடத் தேறாத நரைமுடி. சீப்பு இழுக்கும்போதெல்லாம் அம்மாச்சி ‘ஸ்ஸ்’ என்று தோளைக் குறுக்கினார். “ஆடாம இரு” என்று உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். அம்மாச்சி திரும்பி என்னை முறைப்பார் என்று பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை வாரி முடிகிற வரை அப்படியே இருந்தார்.

இரண்டு வருடம் கழித்து அந்த அக்கா போய்ச் சேர்ந்தார். செய்தியைச் சொல்ல நான்தான் போனேன். அம்மாச்சி அழவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து, “இனி என்னைய வாடி போடின்னு கூப்பிட ஆளில்ல” என்றார்.

“நாங்கெல்லாம் இருக்கோம்ல அம்மாச்சி” என்று அசட்டுத்தனமாக ஏதோ சொன்னேன்.

“நீங்க கூப்புடுறது வேற.”

அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தார். அந்த எட்டு வருடத்தில் அவருடைய பெயரைச் சொன்னவர்கள் என்று பார்த்தால் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறவர்களும், பென்ஷன் கொண்டுவருகிற தபால்காரரும்தான்.

பெரிய ஆயுளைப் பற்றிப் பேசும்போது எத்தனை பேரன், எத்தனை கொள்ளுப்பேரன் என்றுதான் எண்ணுகிறோம். நீங்களும் எண்ணியிருக்கிறீர்கள். அது கீழே இறங்குகிற கணக்கு. மேலே ஒரு கணக்கு உண்டு. தன்னைச் சிறுமியாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்பது. கீழே நாற்பதைத் தாண்டும்போது மேலே பூச்சியம் ஆகியிருக்கும். உங்கள் அப்பத்தா பிறந்த காலத்தில், 1921-31 கணக்குப்படி, இந்தியாவில் சராசரி ஆயுள் 27 வருடம்தான். பிறந்த சூட்டிலேயே செத்துப்போன குழந்தைகள் அத்தனை பேர் என்பதால் சராசரி அப்படி இறங்கிக் கிடந்தது. அப்பத்தாவோடு பிறந்து, அவரோடு விளையாடியவர்களில் எத்தனை பேர் அவருடைய அறுபதைப் பார்த்திருப்பார்கள்? ஆக, கடைசி இருபது முப்பது வருடம் அவர் தன்னைத் தெரியாதவர்கள் நடுவில்தான் இருந்திருக்கிறார். எல்லோரும் பாசக்காரர்கள். சரிதான். ஆனால் ஒருவருக்கும் அந்தப் பொக்கைவாய்ச் சிறுமியைத் தெரியாது.

அவர் விடாமல் பழைய கதையையே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் முதுமையில் அதிகமாக மேலெழும்பி வரும் என்று உளவியல்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ, சாட்சிகள் எல்லோரும் போய்விட்டதால் சாட்சி சொல்கிற வேலையையும் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றும்.

பெயர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்திருக்கிறார்கள். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்போது தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். பெயர் இல்லாமல் யாரையும் பட்டியலில் வைக்க முடியாது என்று அவர் கறாராக நிற்க, சுமார் 28 லட்சம் பெண்களை நீக்கினார்கள். 28 லட்சம்! நம் பக்கம் அவ்வளவு மோசமில்லை. நம் பெண்கள் புருஷன் பெயரைத்தான் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் அப்பத்தா மாட்டுப்பெட்டியில் சீட்டுப் போட்டார் என்றால், அன்றைக்கு ஒரு மேஜைக்கு முன்னால் நின்று தன் பெயரைத் தன் வாயால் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படிச் சொன்னாரோ. அந்தத் தேர்தலை அவர் மறக்காததற்குக் காளை மட்டும்தான் காரணமா என்று எனக்குச் சந்தேகம்.

அதனால் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: பெயரிலிருந்து. முழுப்பெயர் பத்திரத்தில் இருக்கும். எனக்குத் தெரிய வேண்டியது கூப்பிட்ட பெயர். அவருடைய அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டார்? முழுசாகவா, பாதியாகவா? பட்டப்பெயர் இருந்ததா? அவர் பிறந்த ஊரில் போய்க் கேளுங்கள். அங்கே இவர் அப்பத்தா இல்லை, அந்த வீட்டுப் பெண். அவர் வயதொத்தவர்கள் இருக்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இருப்பார்கள். ‘இன்னாரோட தங்கச்சியா, அது சரியான வாயாடில்ல’ என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த ஒரு வரிக்காக பஸ் ஏறிப் போகலாம்.

வீட்டில் கேட்பதென்றால் பெரியப்பாவிடமும் அப்பாவிடமும் கேட்காதீர்கள். மகன்களுக்கு அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ‘எங்கம்மா தெய்வம்’ என்று சொல்லி அழுவார்கள். மருமகள்களிடம் கேளுங்கள். உங்கள் அம்மாவிடமும் சித்தியிடமும் பெரியம்மாவிடமும், தனித்தனியாக, ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து. முப்பது நாற்பது வருடம் ஒரே அடுப்படியில் அவரோடு நின்றவர்கள் அவர்கள். எதற்குச் சிரிப்பார், யாரைக் கண்டால் ஆகாது, எந்த மகன் வந்தால் குரல் மாறும், பெட்டிச் சாவியை ராத்திரி எங்கே வைப்பார், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் கசப்பும் வரும். வரட்டும்.

‘எல்லோரையும் சமமாக நேசித்தவர்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். ஒன்பது பெற்ற ஒருத்தியால் அது முடியாது. என் அம்மாச்சி மாமாக்களைப் படிக்க வைத்து, என் அம்மாவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. அம்மா அதை எழுபது வயதிலும் சொல்லிக் காட்டுவார். கடைசியில் படுக்கையில் கிடந்த அம்மாச்சியைத் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டவரும் அம்மாதான். ஒருநாள் துடைத்துக்கொண்டே, “ஒன்னால ஒரு டீச்சர் போச்சு” என்றார். அம்மாச்சிக்குக் காது கேட்கும். பதில் சொல்லவில்லை, அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். இதை விட்டுவிட்டு நான் அம்மாச்சியைப் பற்றி என்ன எழுதினாலும் அது ஃபிளெக்ஸில் போடத்தான் லாயக்கு.

உறவுக்காரர்களுக்குக் கொடுக்கிற புத்தகத்தில் இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதலில் எல்லாவற்றையும் எழுதுங்கள், அப்புறம் எதை அச்சுக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொள்ளலாம். செத்துப்போன மூன்று பிள்ளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ‘மூன்றைப் பறிகொடுத்து’ என்று ஒரு அடையாளம்கூட இல்லாமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தார்களா? வைத்திருந்தால் அப்பத்தா அதை யாரிடமாவது சொல்லியிருப்பார். மகள்களிடம் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். பெரியத்தையை விட்டால் இதற்கு வேறு ஆள் இல்லை, அவருக்கும் எழுபதை ஒட்டி இருக்கும்.

அந்தப் பதினோரு நிமிடம். ஒன்றும் தேறவில்லை என்று எழுதியிருந்தது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. என்னிடம் என் அம்மாச்சியின் குரல் பதினோரு விநாடிகூட இல்லை. வாழ்க்கைக் கதையைச் சொல் என்று போனை நீட்டினால் யார்தான் ஒழுங்காகப் பேசுவார்கள்? நானே பேச மாட்டேன். அவர் ஆட்டைத் திட்டியது நடிப்பில்லாத பேச்சு. உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எழுதுங்கள். ‘அந்த’ என்பதை அவர் எப்படிச் சொல்கிறார், ஆட்டுக்கு என்ன வசவு, உங்களுக்கு என்ன வசவு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம். நடுவில் இருமுகிறாரா? பின்னால் வேறு யார் குரல் கேட்கிறது? போன் சூடாகிவிடும் என்று கவலைப்பட்டது போனுக்காகவா, உங்கள் கைக்காகவா? கேட்டுக் கேட்டு எழுதினால் பதினோரு நிமிடத்துக்கு ஆறேழு பக்கம் வரும். புத்தகத்தில் அதைத் திருத்தாமல் போடுங்கள். சித்தப்பா முதலில் முகம் சுளிப்பார், அப்புறம் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பி வாசிப்பார்.

அப்படியே அந்தக் கோப்பை இன்னும் நாலு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள். போன் தொலையும்.

பெரியத்தையைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், இந்தத் தடவை பெயரோடு. உங்களுடையது வேண்டாம், அப்பத்தாவுடையது. சித்தப்பாவின் பள்ளிச் சான்றிதழில் என்ன தேதி இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். டிசம்பர் இருக்காது. ஜூன் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.